டெட்வுட், கோடி, எல்லோஸ்டோன்: வழிகாட்டியுடன் பேருந்துப் பயணம், மே மாதம் சரியா?

கேள்வி: அமெரிக்காவில் ரேபிட் சிட்டியில் தொடங்கி டெட்வுட், கோடி ஊர்கள் வழியாக எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா, ஜாக்சன் வரை 7 நாள். மே முதல் வாரம் போகலாமா? அம்மாவுக்கு 68 வயது.

பதில் 1: மே முதல் வாரம் வேண்டாங்க. கோடியிலிருந்து பூங்காவின் கிழக்கு வாயில் சுமார் 84 கி.மீ.; தாண்டியதும் சில்வன் கணவாய், உயரம் 2,600 மீட்டர். பனியை அகற்றி அந்தச் சாலையைத் திறப்பதே மே தொடக்கத்தில்தான். மறுபடி பனி கொட்டினால் மூடிவிடுவார்கள், பேருந்து சுற்றித்தான் போகணும். பூங்காவுக்குள் இருக்கும் டன்ரேவன் கணவாய் திறப்பது இன்னும் தாமதம், மே கடைசி. ஜூன் பாதிக்கு மேல், இல்லையென்றால் செப்டம்பர்.

பதில் 2: எல்லோஸ்டோனுக்கு எத்தனை இரவு? ஒன்றுதான் என்றால் அந்தப் பயணத்தையே விட்டுவிடுங்கள். உள்ளே எட்டு வடிவச் சாலை மட்டும் 229 கி.மீ., வேக வரம்பு மணிக்கு 72 கி.மீ. காட்டெருமைக் கூட்டம் சாலையில் நின்றால் அதுவும் இல்லை. ஓல்டு ஃபெயித்ஃபுல் வெந்நீர் ஊற்று சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பீறிடும். தங்குமிடம் பூங்காவுக்குள்ளா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பதில் 3: டெட்வுட்டில் பழைய காலத் துப்பாக்கி வீரர் வைல்டு பில் கல்லறை செங்குத்தான மேட்டில், அம்மாவுக்கு வாகனம் கேளுங்கள். வெந்நீர் ஊற்றுப் பகுதியில் பலகைப் பாதையை விட்டு இறங்கவே கூடாது, மேலோடு மெல்லியது, கீழே கொதிநீர். காட்டெருமைக்கு 23 மீட்டர், கரடிக்கு 91 மீட்டர் தள்ளி நிற்கணும். கரடி ஸ்பிரே (கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான்) விமானத்தில் ஏற்ற முடியாது, கோடியில் வாங்கிக்கொள்ளுங்கள்.