டான்யூப் கரைக் காலணிகள்: எதிர்ச்சின்னமா, இன்மைச்சின்னமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பீடம், வீர உருவம், புகழுரை என்ற பழைய முறையை மறுத்து எழும் நினைவுச்சின்னங்களுக்கு "எதிர்ச்சின்னம்" என்ற சொல் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அதை நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுமுன் ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன். எடுத்துக்காட்டாக நாம் தந்திருப்பது புடாபெஸ்ட் நகரின் டான்யூப் கரைக் காலணிகள். அந்தச் சிற்பத்துக்கே இந்தச் சொல் பொருந்தவில்லை.

1944 அக்டோபர் 15 அன்று நாஜி ஆதரவு அம்புச்சிலுவைக் கட்சி ஹங்கேரியில் ஆட்சியைப் பிடித்தது. அந்தக் குளிர்காலத்தில் அதன் ஆயுதக் குழுவினர் யூதர்களைக் கரை விளிம்பில் நிறுத்தி, காலணிகளைக் கழற்றவைத்துச் சுட்டார்கள். போர்க்காலத்தில் காலணிக்கு விலை இருந்தது; உயிருக்கு இல்லை. உடல்களை ஆறு கொண்டுபோயிற்று. திரைப்பட இயக்குநர் ஜான் தொகாயின் எண்ணத்துக்குச் சிற்பி பாவெர் ஜூலா வடிவம் தந்தார். அக்காலப் பாணியில் 60 இணை இரும்புக் காலணிகள், ஆண்களுடையவை, பெண்களுடையவை, குழந்தைகளுடையவை, நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே கரைக்கல்லிலேயே பதிக்கப்பட்டன. 2005 ஏப்ரல் 16 அன்று திறந்துவைத்தார்கள். பீடம் இல்லை, மனித உருவம் இல்லை, மாண்டவர் பெயர்களும் இல்லை. இது எந்தச் சிலையை எதிர்க்கிறது? குழுவில் வந்த மாற்றுச் சொற்களுக்கும் என் பதில் இதோ.

> "நடுகல் என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறதே; 'எதிர்நடுகல்' எனலாமே?"

ஐயா, நடுகல் போரில் மடிந்த வீரனுக்கு எடுப்பது. கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது வரை அதற்கு ஆறு துறைகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. வீரனின் பெயரும் பீடும் அதில் பொறிக்கப்படும். அதற்கு "எதிர்" சேர்த்தால் வீரத்துக்கு எதிரானது என்று வாசகர் கொள்வார். நிராயுதபாணிகளாகக் கொல்லப்பட்டவர்களின் மீது அந்தப் பழி விழக் கூடாது.

> "'பீடமிலி' என்றால் என்ன? ஏதிலி, முகமிலி போல."

ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் அதே நகரின் ஸ்ரீனி தெருவில் தொப்பை வைத்த காவலர் சிலை ஒன்று பீடமில்லாமல் நடைபாதையிலேயே நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதன் தொப்பையைத் தடவிவிட்டுப் போகிறார்கள். பீடம் இல்லாததையே இலக்கணமாக்கினால் அதுவும் இந்த வகையில் வந்துவிடும்.

"எதிர்ச்சின்னம்" என்ற சொல்லைக் கைவிடச் சொல்லவில்லை. அதற்கு உரிய இடம் காலணிகளிலிருந்து நடந்தே போகக்கூடிய விடுதலைச் சதுக்கத்தில் இருக்கிறது. 1944 மார்ச் 19 அன்று நடந்த ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நினைவாக அரசு அங்கே ஒரு சின்னத்தை 2014 ஜூலையில், ஓர் இரவில், திறப்பு விழா இல்லாமல் நிறுவியது. கபிரியேல் தேவதூதர் ஹங்கேரியாம். அவர் மீது பாயும் கழுகு ஜெர்மனியாம். குற்றம் முழுவதும் கழுகினுடையது என்று அந்தச் சிலை சொல்கிறது. ஆனால் 1944 மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை, எட்டே வாரங்களில், 4,30,000க்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றி அனுப்பியதில் ஹங்கேரியக் காவல்படைக்கும் அதிகாரிகளுக்கும் நேரடிப் பங்கு இருந்தது. பெரும்பாலோர் அவுஷ்விட்சு என்ற நாஜி வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். இந்த மறைப்பைப் பொறுக்காத மக்கள், பணி நடந்துகொண்டிருந்தபோதே, குடும்பப் புகைப்படங்களையும் கடிதங்களையும் பழைய பெட்டிகளையும் கற்களையும் கொண்டுவந்து எதிரே வைக்கத் தொடங்கினார்கள். ஒரு சின்னத்தின் முகத்துக்கு நேரே நின்று அதை மறுக்கும் இதுவே எதிர்ச்சின்னம். அந்தச் சிலையை அகற்றிவிட்டால் இதன் பொருளில் பாதி போய்விடும். காலணிகளுக்கு அப்படி ஒரு துணை தேவையில்லை.

ஆகவே காலணிகளின் வகைக்கு "இன்மைச்சின்னம்" என்று முன்மொழிகிறேன். இல்லாதவரை இல்லாமையாலேயே காட்டுவது என்பது பொருள். குறளில் இன்மை வறுமையைக் குறிப்பதால் குழப்பம் வரும் என அம்மையார் ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். நியாயமான ஐயம்தான். ஆயினும் நம்பிக்கையின்மை, பாதுகாப்பின்மை என்று செய்தித்தாள்களில் நாள்தோறும் படிக்கிறோம். அங்கே யாரும் வறுமையை நினைப்பதில்லை. "வெறுமைச்சின்னம்" என்றால் பொருளற்றது என்ற சாயல் படிந்துவிடும்.

சின்னத்துக்குப் பதில் "நினைவகம்" எனலாமா என்றும் கேட்டிருந்தார்கள். அந்தச் சொல்லைக் கணினித் துறை எடுத்துக்கொண்டு நெடுநாள் ஆகிறது, இங்கே வேண்டாம்.

இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாக ஏற்றி, ஒன்றுக்கொன்று "காண்க" குறிப்பு இடும்படி தொகுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன். எதிர்ச்சின்னம் என்பதற்கு விடுதலைச் சதுக்கத்தையும் இன்மைச்சின்னம் என்பதற்குக் காலணிகளையும் எடுத்துக்காட்டாகத் தரலாம். மாற்றுச் சொல் இருப்பவர்கள் பட்டியல் மூடப்படும் முன் எழுதுங்கள்.