புதுப்பிப்பு: பால் சுரம் வந்த மாடு, இந்த ஈத்து

போன ஈத்தில் பால் சுரம் (கன்று போடும் சமயத்தில் ரத்தத்தில் கால்சியம் குறைந்து வரும் நோய்) வந்து படுத்த மாட்டுக்கு, ஈனுமுன் கடைசி 3 வாரம் என்ன தீவனம் என்று இங்கே கேட்டிருந்தேன். நேற்று ராத்திரி கிடேரிக் கன்று போட்டது. தாய் தானாகவே எழுந்து தண்ணீர் குடித்தது.

நீங்கள் சொன்னபடி குதிரை மசால் என்ற பசுந்தீவனத்தை நிறுத்தினோம். "கால்சியம் குறைந்து வரும் நோய்க்குக் கால்சியம் உள்ள தீவனத்தையா நிறுத்துவது?" என்று வீட்டில் ஒரே சண்டை! ஆனால் ஈனுமுன் தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் வேலையில் உடம்பு மந்தமாகிவிடும். சீம்பால் சுரக்கும்போது ஈடுகொடுக்க முடியாது. குதிரை மசாலில் பொட்டாசியமும் அதிகம், அதுவும் கெடுதல்.

டாக்டர் எழுதிக் கொடுத்த எதிர்மின் உப்பை (உடம்பைச் சற்று அமிலப் பக்கம் திருப்பி, எலும்பிலிருந்து கால்சியம் எடுக்க உதவும் உப்பு) மாடு முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. வெல்லப்பாகு கலந்த பிறகுதான் தொட்டியை நக்கியது. சிறுநீரின் அமில அளவு (pH) 6.5க்கு வந்தது, 6 முதல் 7 வரை இருந்தால் போதுமாம்.

உப்பை இப்போது நிறுத்தியாச்சு. அடர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுகிறோம், அவசரப்பட்டால் வயிற்றில் அமிலம் ஏறிவிடும். பால் சுரத்தின் அறிகுறியாகக் காது சில்லிடுகிறதா என்று 3 நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.