மறு: கோதிக் நாவலுக்குத் தமிழ்: 'உட்குப் புதினம்' சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். இருண்ட கோட்டையும் மர்மமும் அச்சமும் நிறைந்த கோதிக் நாவல் வகைக்கு நம் அகராதியில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் ஐயா கேட்டது இது:

> கோதிக் என்றாலும் திகில் என்றாலும் வாசகருக்கு ஒன்றுதான். புதுச்சொல் எதற்கு?

ஒன்றில்லை, ஐயா. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' நாவலை இந்த மாதம்தான் முழுதாகப் படித்தேன். திகில் கதையில் அடுத்து என்ன ஆகுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். முடிச்சு அவிழ்ந்ததும் அடங்கிவிடும். இந்தக் கதை எப்படிப் போகும் என்று எனக்கு முன்பே தெரியும். அப்படியும் அதில் குடிசைக் காட்சி வரும் இடத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் புத்தகத்தைக் கையில் எடுக்க மனம் வரவில்லை.

கதையின் நாயகனான விக்டர் பிராங்கன்ஸ்டைன் உண்டாக்கிய கையோடு கைவிட்டு ஓடிய அந்த உயிருக்கு நாவல் கடைசிவரை பெயரே வைக்கவில்லை. அது ஓர் ஏழைக் குடும்பத்தின் குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொள்கிறது. சுவர் இடுக்கு வழியே அவர்களைப் பார்த்துப் பார்த்தே பேச்சைக் கற்கிறது. இரவோடு இரவாக அவர்களுக்கு விறகு சேர்த்து வைக்கிறது. கண் தெரியாத கிழவர் மட்டும் இருக்கும் நேரம் பார்த்து ஒருநாள் உள்ளே போகிறது. அவர் பரிவாகப் பேசுகிறார். வெளியே போயிருந்த மகன் திரும்பி வந்து, பார்த்த மாத்திரத்தில் தடியால் அடிக்கிறான். நினைத்தால் அவனைப் பிய்த்துப் போட்டிருக்கலாம். அது திருப்பி அடிக்கவில்லை. இதற்கெல்லாம் முன்பே, குட்டைநீரில் தன் முகத்தைப் பார்த்துத் தானே மிரண்டு பின்வாங்கிய உயிர் அது!

அங்கே நான் அஞ்சியது அதன் முகத்துக்கு அல்ல. அந்த வாசலில் நான் நின்றிருந்தால் நானும் தடியைத்தான் எடுத்திருப்பேன் என்று தோன்றியது. இதைத் 'திகில்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

'உரு உட்கு ஆகும்' என்கிறது தொல்காப்பிய உரியியல். உட்கு என்றால் அச்சம். வடிவத்துக்கும் உரு, அச்சத்துக்கும் உரு. இந்த நாவலே அந்த இரண்டு பொருளுக்கும் நடுவில்தான் நிற்கிறது. 'உட்கப் படாஅர்' (பிறரால் அஞ்சப்பட மாட்டார்) என்ற குறளிலும் (921) உட்கு வெறும் பயமாக எனக்குப் படவில்லை. ஒருவர்முன் மற்றவர் உள்ளுக்குள் ஒடுங்குவது அது. ஆகவே 'உட்குப் புதினம்' என்று முன்மொழிகிறேன்.

---

தம்பி, படித்ததும் எனக்கும் அந்தக் குடிசை கண்ணில் நின்றது. ஆனாலும் சொல்லில் இரண்டு சிக்கல் இருக்கிறது.

சாந்தோம் தேவாலயத்தைக் கோதிக் பாணி என்றே எழுதுகிறோம். 'கோதிக் கட்டடக்கலை' நிலைத்துவிட்ட சொல். ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் தம் 'ஒட்ரான்டோ கோட்டை' நாவலின் இரண்டாம் பதிப்பில், 1765இல், 'ஒரு கோதிக் கதை' என்று துணைத்தலைப்புச் சேர்த்தார். லண்டனை அடுத்த ஸ்ட்ராபெரி ஹில்லில் இருந்த தம் வீட்டையே அந்தப் பாணியில் மாற்றிக் கட்டியவர் அவர். நாவலும் கட்டடமும் ஐரோப்பாவின் இடைக்காலத்தின் மீதான ஒரே மோகத்தில் பிறந்தவை. உட்கு என்று வைத்தால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும்.

இன்னொன்று, கோதிக் நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப் சொன்ன வேறுபாடு. அவர் இறந்த பிறகு 1826இல் வெளியான கட்டுரையில் அச்சத்தை இரண்டாகப் பிரிக்கிறார்: ஒன்று மனத்தை விரித்துப் புலன்களை விழிக்க வைக்கும், மற்றது சுருக்கி உறைய வைக்கும். இந்த வகை நாவல்களில் இரண்டுமே உண்டு. நீங்கள் சொல்லும் ஒடுக்கம் இரண்டாவதன் பக்கம். பாதியை வைத்து முழுவதற்கும் பெயர் சூட்டலாமா?

---

அம்மா, நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். குடிசையில் எனக்கு நேர்ந்தது சுருக்கம்தான். அதை நாவல் வகை முழுவதற்கும் ஏற்றியது என் பிழை. முன்மொழிவை மாற்றிக்கொள்கிறேன். வகைக்குக் 'கோதிக் புதினம்' என்றே இருக்கட்டும். கோத் என்ற ஓர் இனத்தின் பெயரிலிருந்து வந்த சொல்லை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ராட்கிளிஃபின் இரண்டாவது அச்சத்துக்கு உட்கு. முதலாவதற்கு, ஐயா, உங்கள் 'திகில்' நன்றாகவே பொருந்துகிறது. அடுத்து என்ன என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பதுதானே அது.

ஒன்றே ஒன்று மட்டும் குழும முடிவுக்கு வைக்கிறேன். விக்டரின் படைப்பை அகராதிப் பதிவில் 'அரக்கன்', 'பூதம்' என்று எழுத வேண்டாம். அவையெல்லாம் விக்டர் வாயிலிருந்து வரும் வசைகள். அதைக் கைவிட்டவன் வைத்த பெயர்கள். 'உரு' என்று மட்டும் எழுதலாமா? யாருக்காவது மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.