லண்டனிலும் நியூஜெர்சியிலும் சட்டப்படி ஓடும் ஒயர்லெஸ் மைக் எது?

வணக்கம். ஆவணப்படத்துக்காக அடுத்த மாதம் லண்டனில் 6 நாள், அப்புறம் நியூஜெர்சியில் 8 நாள் படப்பிடிப்பு. எல்லாம் வீடுகளிலும் தெருக்களிலும் எடுக்கும் பேட்டிகள். வயதானவர்கள், குரல் தணிந்துதான் வரும்.

என்னிடம் இருப்பது சென்ஹைசர் ஈடபிள்யூ 112பி ஜி4 ஒயர்லெஸ் மைக் செட், பி பேண்ட் (626–668 மெகாஹெர்ட்ஸ்). அமெரிக்காவில் அந்த அலைவரிசை செல்போனுக்குப் போய்விட்டது. 2020 ஜூலைக்குப் பிறகு மைக்குக்கு அதில் 653–663 என்ற சிறு இடைவெளிதான் மிச்சம். பிரிட்டனில் சேனல் 38க்கு (606–614) ஆஃப்காம் (அலைவரிசைகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) லைசென்ஸ் எடுத்தால் நாடு முழுக்கப் போடலாம், ஆனால் என் செட் அங்கே இறங்காது. பிரிட்டனில் லைசென்ஸ் வேண்டாத 863–865க்கு அமெரிக்காவில் மைக் அனுமதி இல்லை.

வாடகைக் கடைகளில் கேட்டேன். "யாரும் பிடிக்க மாட்டாங்க, எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். அதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. சரி என்று, இரண்டு நாட்டிலும் லைசென்ஸ் வேண்டாத 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் ஒன்றை இரவல் வாங்கி ஒரு கல்யாண மண்டபத்தில் சோதித்தேன். பேசுபவர் முதுகைத் திருப்பியதும், பதினைந்து மீட்டரிலேயே வார்த்தைகள் நடுவில் அறுந்தன. மறுபடி சொல்லச் சொன்னால் அந்தப் பேச்சு அப்படியே திரும்பி வராது.

இப்போது இரண்டு வழிதான் தெரிகிறது: மைக்குக்குள்ளேயே ஒலியைப் பதிவு செய்யும் 2.4 செட் ஒன்றை இரண்டு ஊருக்கும் வாங்குவது, அல்லது அந்தந்த ஊரில் அனுமதியுள்ள யுஎச்எஃப் (என்னுடையதைப் போல மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடும்) செட்டை வாடகைக்கு எடுப்பது.

இரண்டு நாட்டிலும் படம் எடுத்தவர்கள் இதில் எதைச் செய்தீர்கள்?