வெயிலில் தோட்டாவின் குணம் மாறுமா? பார்த்தவர்கள் எழுதுங்கள்

மார்த்தாண்டத்திலிருந்து:
டெக்சாஸில் இருக்கும் என் மைத்துனர் .308 ரைபிளுக்குத் தாமே தோட்டா நிரப்புபவர். அங்கே அதற்குச் சட்டத் தடை இல்லை. ஜனவரிக் குளிரில் சுட்டுப் பார்த்து, இதுதான் வெடிமருந்தின் சரியான அளவு என்று நிரப்பி வைத்ததை ஆகஸ்டில் எடுத்து வந்தார். பெட்டி காரின் பின்கண்ணாடி ஓரம் வெயிலில் கிடந்தது. முதல் குண்டு போனது, போல்ட் (குழலின் பின்வாயை அடைக்கும் தாழ்) அசையவில்லை. உள்ளங்கையால் குத்தித்தான் கைப்பிடியைத் தூக்கினார். விழுந்த உறையை எடுத்துப் பார்த்தேன். அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் ஓரம்வரை நசுங்கித் தட்டையாகியிருந்தது. அடிப்பித்தளையில் பளபளவென்று ஒரு சிறு வட்டத் தடம். மைத்துனர் ஒன்றும் பேசாமல் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். அதே மருந்து, அதே எடை! யாருக்காவது இப்படி நடந்ததுண்டா?

குலசேகரத்திலிருந்து:
வெயிலை ஏன் பழிக்கிறீர்கள்? துப்பாக்கிக்கு எமன் ஈரம்தான். தாத்தாவிடம் லைசென்ஸ் உள்ள இரட்டைக்குழல் இருந்தது. (1972 வனவிலங்குச் சட்டத்துக்கு முந்தைய கதை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.) ஆடிச் சாரல், நடு இரவு, மரவள்ளித் தோட்டத்தில் பன்றி. டார்ச் வெளிச்சத்தில் அது நிமிர்ந்து எங்களையே பார்க்கிறது. தாத்தா தோட்டாவைத் திணிக்கிறார், பாதிக்கு மேல் போகவில்லை. காகித உறை ஈரத்தில் ஊதியிருந்தது. அடுத்ததும் அப்படியே. பன்றி சாவகாசமாகக் கிழங்கைத் தின்றுவிட்டுப் போனது.

ஆரல்வாய்மொழியிலிருந்து:
குலசேகரத்து அண்ணாச்சி இரண்டு வேறு சங்கதிகளைப் போட்டுக் குழப்புகிறார். உறை ஊதுவது வேறு, மருந்து வேகமாக எரிவது வேறு. நான் பீரங்கிப் படையில் இருந்தவன். ராஜஸ்தானில் மகாஜன் பயிற்சிக் களத்தில் மருந்துப் பைக்குள் வெப்பமானியைச் செருகி, அளவைச் சொன்ன பிறகே குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போடுவார்கள். ஒருநாள் தார்ப்பாய்க்கு வெளியே வெயிலில் கிடந்த பைகளைத் தொட்டுப் பார்த்த அதிகாரி, சுடுவதையே நிறுத்திவிட்டார். பை சூடானால் குண்டு இலக்கைத் தாண்டும். திருவிதாங்கூர் மன்னரின் டச்சுத் தளபதி டிலனாய் உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்த மண்ணில் பிறந்துவிட்டு இதைக்கூட மறுக்கலாமா?

மார்த்தாண்டத்துத் தம்பி, மைத்துனரிடம் சொல்லுங்கள். மருந்து ஏற்கெனவே சூடாக இருந்தால் எரியும் வேகம் கூடும், அழுத்தம் எகிறும். சிலவகை மருந்துகளில் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால் குண்டின் வேகம் நொடிக்குச் சுமார் ஓரடி கூடும். பனிக்காலத்துக்கும் கார் பெட்டிக்கும் நடுவே 80 டிகிரி வித்தியாசம் இருந்தால் கணக்கை நீங்களே போடுங்கள். குளிரிலேயே உச்ச அளவைத் தொட்டுவிட்டால் கோடைக்கு இடம் ஏது? வெயில் காலத்தில் சுட்டுத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். வெள்ளைக்காரர்கள் கார்டைட் என்ற பழைய வெடிமருந்து நிரப்பிய பெரிய ரைபிள்களை இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கொண்டுவந்தபோது, வெப்ப நாட்டுக்கென்று மருந்தைக் குறைத்தே நிரப்பினார்கள். ஆஸ்திரேலியாவில் செய்யும் ‘வார்கெட்’ போன்ற மருந்துகள் வெப்பத்துக்கு அவ்வளவாக அசைந்து கொடுப்பதில்லை, அதற்கு மாறச் சொல்லுங்கள்; மாறினால் அளவைக் கீழிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். பெட்டி நிழலில் இருக்கட்டும். சுட்டுச் சூடேறிய குழலுக்குள் தோட்டாவைப் போட்டுவிட்டு அரட்டை அடிக்கக் கூடாது, அந்தச் சூடும் மருந்தில் ஏறும். ஐஸ் பெட்டியில் வைக்கிறேன் என்று கிளம்பவும் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்க்கும். மீதித் தோட்டாக்களைச் சுடாமல் பிரித்துவிடுவதே நல்லது. இங்கே யாரும் இதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், உரிமம் இல்லாமல் தோட்டா நிரப்பினால் ஆயுதச் சட்டம் பாயும்.

நாகர்கோவிலிலிருந்து:
என் மகள் .22 துப்பாக்கி சுடும் போட்டிக்காரி. டெல்லி துக்ளகாபாத் சுடுகளத்தில் ஜனவரிக் காலை, விரல் விறைக்கும் குளிர். இங்கே இலக்கின் நடுவட்டமான பத்தைத் தொட்ட அதே பெட்டித் தோட்டா அங்கே வரிசையாகக் கீழே விழுந்தது. பயிற்சியாளர் மூச்சைக் குறை சொன்னார். மகள் ஒன்றும் சொல்லாமல் தோட்டாப் பெட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். வெயில் ஏறியதும் குண்டும் மேலே ஏறியது. ஈயத்தின் மேலுள்ள மெழுகும் குளிரில் இறுகும் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

குலசேகரத்திலிருந்து:
ஆரல்வாய்மொழி சார், எல்லாம் சரி. தோட்டா குழலுக்குள் போனால் அல்லவா மருந்து எரியும்? தாத்தாவின் பன்றிக்கு என்ன பதில்?