பழைய சோறு முதுமையைத் தள்ளிப்போடுமா?

பள்ளத்தூரான்:
எங்கள் அப்பத்தாவுக்கு 90 தாண்டிவிட்டது. இன்னும் வளவில் கம்பு ஊன்றாமல் நடக்கிறார். காலைச் சாப்பாடு பழைய சோறும் மோர்மிளகாயும்தான். குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் முதுமையைத் தள்ளிப்போடுகின்றன என்று இப்போது விஞ்ஞானிகளே சொல்கிறார்கள். புளித்த சோற்றில் அவைதானே இருக்கின்றன? இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

நுண்ணோக்கி:
நிறையவே வேண்டும். அப்பத்தா நூறையும் தாண்டட்டும். ஆனால் அதே சோற்றைச் சாப்பிட்டு அறுபதில் போனவர்களை யார் கணக்கெடுத்தார்கள்? இந்தக் கதை பழசு. 1908-ல் நோபல் வாங்கிய விஞ்ஞானி மெட்ச்னிகாஃப், பல்கேரியக் குடியானவர்களின் ஆயுளுக்குப் புளித்த பால்தான் காரணம் என்று நம்பித் தானும் குடித்தார். 1916-ல், 71 வயதில் இறந்துபோனார்.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, அந்தக் காலத்தில் 71 என்ன குறைச்சலா?

குடல்வாசி:
ஆச்சி சொல்வது சரி, அதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. மீனைப் பாருங்கள். கில்லி என்ற சிறு மீனில் ஓர் ஆப்பிரிக்க இனம் சில மாதமே வாழும். ஜெர்மனியில் கொலோன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள், அந்த இனத்தின் நடுவயது மீன்களின் குடல் நுண்ணுயிர்களை மருந்தால் ஒழித்துவிட்டு, இளம் மீன்களுடையதைக் குடியேற்றினார்கள். அவற்றின் ஆயுள் கூடியது, வயதான பிறகும் சுறுசுறுப்பாக நீந்தின. நடுவயது மீன்களுடையதையே திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பலன் இல்லை. 2017-ல் வந்த ஆய்வு இது.

நுண்ணோக்கி:
அதே 2017-ல் கனடாவிலிருந்து இன்னொன்றும் வந்தது. நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு வயது ஏறியும் அழற்சி, அதாவது தொற்றை எதிர்க்க உடம்பு எழுப்பும் கொதிப்பு, ஏறவில்லை. முதுமை வரை பிழைத்தவையும் அவற்றில்தான் அதிகம். அப்படியானால் நுண்ணுயிர் வேண்டுமா, வேண்டாமா?

குடல்வாசி:
இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. வயதாக ஆக இந்தக் கூட்டத்தில் ஆள் மாறுகிறது. குடல் சுவரும் தளர்கிறது. பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. உடம்பு அதைத் தொற்று என்று எண்ணி, நாள் முழுக்கச் சின்னச் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த அழற்சி இதுதான். மூட்டு, ரத்தக்குழாய், மூளை எல்லாம் அதில் தேய்கின்றன. கெட்ட கூட்டம் இருப்பதைவிட ஒன்றுமே இல்லாதது மேல் என்று எலி காட்டியது. நல்ல கூட்டம் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகிறது. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் எரிபொருள். பள்ளத்தூரான் அண்ணே, ஆகவே சோற்றில் மிதப்பதைவிட, உள்ளே ஏற்கெனவே இருப்பவற்றுக்கு நாம் என்ன போடுகிறோம் என்பதுதான் பெரிய கேள்வி.

தேவகோட்டை ஆச்சி:
இதைத்தான் கேட்க நினைத்தேன். எங்கள் தெருவில் பாதி வீட்டில் ஒற்றை ஆள். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும். அத்தனை பெரிய அடுப்படி, ஆனால் ஒருத்திக்காக யார் கூட்டு, மண்டி எல்லாம் வைப்பார்கள்? ரசமும் அப்பளமும், அதுவும் இரண்டு வேளைக்கு ஒன்றே. இவர்கள்தான் சீக்கிரம் தளர்ந்துபோகிறார்கள்.

குடல்வாசி:
அயர்லாந்தில் 178 முதியவர்களிடம் இதையே பார்த்தார்கள் ஆச்சி, 2012-ல். காப்பகங்களில் நெடுநாள் இருந்தவர்களின் சாப்பாட்டில் வகை குறைவு, குடலிலும் நுண்ணுயிர் வகை குறைவு, தளர்ச்சி அதிகம்.

நுண்ணோக்கி:
தளர்ந்தவர்தானே காப்பகத்துக்கே போகிறார்! எது முன், எது பின்?

குடல்வாசி:
நியாயமான கேள்வி. அதனால்தான் ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 600-க்கு மேற்பட்ட முதியவர்களை வைத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் ஓர் ஆண்டு காய்கறி, பருப்பு, ஆலிவ் எண்ணெய் மிகுந்த உணவு கொடுத்தார்கள். ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களிடம் நுண்ணுயிர்க் கூட்டம் மாறியது, அதோடு சேர்ந்து தளர்ச்சியும் அழற்சியும் குறைந்தன.

நுண்ணோக்கி:
ஓர் ஆண்டில் ஆயுளை அளக்க முடியாது. தளர்ச்சி குறைந்தது, சரி, அது மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அதைச் செய்தது நுண்ணுயிரா, காய்கறியேதானா என்பது இன்னும் பிரியவில்லை.

பள்ளத்தூரான்:
எதுவாக இருந்தால் என்ன? அப்பத்தா பழைய சோற்றை விடப்போவதில்லை.

தேவகோட்டை ஆச்சி:
விட வேண்டாம். பக்கத்தில் கொஞ்சம் கீரையும் வைக்கச் சொல்லுங்கள். சர்க்கரை இருந்தால் சோற்றின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.