மறு: செல்லுலோஸ் நானோ இழை: ஆக்கமா, பிரிப்பா?

வணக்கம்.

செல்லுலோஸ் (தாவரச் செல் சுவரின் முக்கியப் பொருள்) கூழிலிருந்து நானோமீட்டர் அளவு இழைகளை எடுக்கும் செயலைத் தமிழில் 'நானோ இழையாக்கம்' என்று சொல்லலாம் என்ற பரிந்துரைக்குப் பலரும் சரி சொல்லிவிட்டீர்கள். எனக்கு உடன்பாடில்லை. 'நானோ' இருக்கட்டும், நானோமீட்டர் பாடநூலுக்கே வந்துவிட்டது. அதை 'மீநுண்' என்று மாற்றினால் மைக்ரோவா நானோவா என்ற குழப்பம்தான் மிஞ்சும். எனக்கு உறுத்துவது 'ஆக்கம்'.

இந்த இழைகளை ஆலை ஆக்குவதில்லை. மரமோ வைக்கோலோ கரும்புச் சக்கையோ, தாவரத்தின் செல் சுவரில் அவை ஏற்கெனவே இருக்கின்றன. மூன்று, நான்கு நானோமீட்டர் அகலமே உள்ள இழைகள் கற்றை கற்றையாக, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒட்டி, ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்ற மற்றச் செல் சுவர்ப் பொருள்கள் சூழக் கிடக்கின்றன. வேலையெல்லாம் அவற்றைப் பிரிப்பதுதான். மின்நூற்பு வேறு: அங்கே பலபடிக் (பாலிமர்) கரைசலை உயர் மின்னழுத்தத்தில் இழுத்து, இல்லாத இழையை உண்டாக்குகிறார்கள். 'இழையாக்கம்' அதற்குத்தான் பொருந்தும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் படிக்கிற பிள்ளைகள் பாவம்.

ஆற்றல் கணக்கும் இதையே சொல்கிறது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஐடிடி ரேயோனியர் நிறுவனத்தில் டர்பக், ஸ்னைடர், சாண்ட்பெர்க் ஆகியோர், பாலை உயர் அழுத்தத்தில் குறுகிய இடுக்கு வழியே தள்ளிச் சீராக்கும் ஹோமோஜெனைசர் கருவி வழியே மரக்கூழைத் திரும்பத் திரும்பச் செலுத்தினார்கள். கூழ் களிபோல் ஆனது. ஆனால் முரட்டுப் பலத்தால் மட்டும் பிரிப்பதென்றால் கிலோவுக்கு 20, 30 யூனிட் மின்சாரம், சில சமயம் அதற்கு மேலும் போகும். நார் கருவியை அடைத்துக்கொள்ளும் தொல்லை தனி. இந்தச் செலவில் யார் வாங்குவார்கள்? ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்தப் பொருள் பெரிதாகச் சந்தைக்கு வராததற்கு இது முக்கியக் காரணம்.

பிறகு வந்த முக்கிய வழிகள் பலவும், இயந்திரத்தில் அடிப்பதற்கு முன் இழைகளின் பிணைப்பைத் தளர்த்துபவை. சுவீடனில் எண்டோகுளுக்கனேஸ் நொதியைக் கொஞ்சமாகச் சேர்த்து, இழையின் ஒழுங்கற்ற பகுதிகளை வெட்டிவிட்டு, அதன்பின் இயந்திரத்தில் விட்டார்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் இசோகாய், சைட்டோ குழு டெம்போவைக் கையாண்டது (வண்டி அல்ல, ஒரு வினையூக்கியின் பெயர்ச் சுருக்கம்). அது இழையின் மேற்பரப்பில் கார்பாக்சிலேட் தொகுதிகளை உண்டாக்குகிறது. எல்லாம் எதிர்மின்னூட்டம் பெறுவதால் இழைகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. லேசாகக் கலக்கினாலே தனித்தனியாகிவிடுகின்றன. இப்படி முன்கூட்டியே தளர்த்தினால் கிலோவுக்கு ஓரிரு யூனிட்டிலேயே இயந்திர வேலை முடிந்துவிடலாம். வேதிப்பொருள் செலவும் கழிவுநீரும் அந்தக் கணக்கில் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கயிறு திரிக்கும் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. ஊறப்போட்ட மட்டையைத் தட்டி நார் எடுப்பதும், பச்சை மட்டையோடு மல்லுக்கட்டுவதும் ஒன்றா? அதனால்தான் இப்படி முன்கூட்டியே தளர்த்தும் படிக்கான சொல்லுக்கும் ஒரு திருத்தம் கேட்கிறேன். 'முன்சிகிச்சை' வேண்டாம், கூழுக்குக் காய்ச்சலா என்ன? 'பதப்படுத்தல்' தோலுக்கும் உணவுக்கும் போய்விட்டது. 'முன்நெகிழ்த்தல்' என்றால் என்ன நடக்கிறது என்பது சொல்லிலேயே தெரியும்.

ஆக என் பரிந்துரை: பொருளுக்குச் செல்லுலோஸ் நானோ இழை, செயலுக்கு இழைபிரிப்பு, அதற்கு முந்தைய படிக்கு முன்நெகிழ்த்தல். கூழில் கண்ணுக்குத் தெரியும் பருமனானதை மட்டும் 'நார்' என்போம். கந்தக அமிலத்தில் கரைத்தெடுக்கும் குட்டையான துண்டுகள் 'நானோ படிகம்'. அவற்றை இழையோடு சேர்க்க வேண்டாம்.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் அகப்படவில்லை. கூழை ஒருமுறை உலர்த்திவிட்டால் இழைகள் இறுக ஒட்டிக்கொள்கின்றன, மறுபடி நனைத்தாலும் பழையபடி விரிவதில்லை. பிரிக்க ஆற்றலும் கூடுதலாகத் தேவை. ஆங்கிலத்தில் இதைக் கொம்பை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். 'கொம்பாதல்' என்றால் இங்கே சிரிப்பார்கள். 'உலர்விறைப்பு' சரிவருமா? காகித ஆலையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அங்கே புழங்கும் சொல்லைச் சொல்லுங்கள்.